ஃபிலிம் அறையிலிருந்து ஆடுகளம் வரை: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் உதவிப் பயிற்சியாளராவதற்கு முழுமையான வழிகாட்டி

2011-ஆம் ஆண்டு கேன்சஸ் சிட்டிப் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த டான் லானிங், இரவோடு இரவாகக் காரை எடுத்துக்கொண்டு பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் புறப்பட்டார். சுமார் 13 மணி நேரப் பயணம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றிருந்த டாட் கிரஹாமின் குழுவில் ஏதாவது ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்கத்தான் போனார். கையில் எந்த உறுதியும் இல்லை. கடைசியில் கிடைத்தது கிராஜுவேட் அசிஸ்டென்ட் (முதுகலை படித்துக்கொண்டே உதவியாளராக இருப்பவர்) என்ற அடிமட்டப் பதவி. அதன்பின் அரிசோனா ஸ்டேட், சாம் ஹூஸ்டன் ஸ்டேட், அலபாமா, மெம்ஃபிஸ், ஜார்ஜியா என்று ஊர் ஊராக மாறினார். 2021 டிசம்பரில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். 11 ஆண்டுகளில் ஆறு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு ஏழாவதில் தலைமைப் பொறுப்பு.

இந்த வாழ்க்கையைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைவிட முக்கியமான செய்தி நடுவில் இருக்கிறது. 2014-இல் சாம் ஹூஸ்டன் ஸ்டேட்டில் முழுநேரப் பயிற்சியாளராக இருந்த லானிங், 2015-இல் அலபாமாவில் மறுபடியும் கிராஜுவேட் அசிஸ்டென்டாகச் சேர்ந்தார். ஏறிய படியிலிருந்து தாமாகவே இறங்கி, அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனிடம் பாடம் கேட்கப் போனார். எந்த ஊரில் வேலை, என்ன பதவி என்பதைவிட யாரிடம் வேலை என்பதே இந்தத் தொழிலின் போக்கைத் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் அழுத்திச் சொல்லப்போவது இதைத்தான்.

கால்பந்து என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது வேறு ஆட்டம். இங்கே பேசுவது தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேறத் துடிக்கும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சில பிள்ளைகள் பள்ளியிலேயே இந்த ஆட்டத்தில் ஊறிவிடுகிறார்கள். "நான் பயிற்சியாளர் ஆகப் போகிறேன்" என்று பிள்ளை சொல்லும்போது பெற்றோருக்கு என்ன கேட்பது என்றே தெரிவதில்லை. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நமக்குப் பாதை மனப்பாடம். இதற்கு அப்படி ஒன்று இல்லை. அந்தப் பிள்ளைக்காகவும் அந்தப் பெற்றோருக்காகவும்தான் எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று பிரிவுகள். கால்பந்தில் முதல் பிரிவு மட்டும் மேலும் இரண்டாகப் பிரிகிறது: தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் மாபெரும் அணிகள் எஃப்.பி.எஸ்.; அதற்கடுத்த நிலை எஃப்.சி.எஸ். இரண்டாம் பிரிவில் உதவித்தொகை குறைவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. இவற்றுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பும் ஈராண்டுக் கல்லூரிகளும் உள்ளன. வேலை தேடும் இளைஞர்கள் பெரும்பாலும் எஃப்.பி.எஸ். பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுச் சோர்ந்துபோகிறார்கள். கதவுகள் அதிகம் திறந்திருப்பது மற்ற இடங்களில்தான்.

குழுவுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தாக்குதல், தற்காப்பு, சிறப்பு அணிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோஆர்டினேட்டர்கள். அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பயிற்சியாளர்: குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்), ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), தாக்குதல் வரிசை, தற்காப்பு வரிசை, லைன்பேக்கர் (தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்பவர்), பின்களத் தற்காப்பு என்று. அதற்கும் கீழே அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல், கிராஜுவேட் அசிஸ்டென்ட், மாணவ உதவியாளர். உடற்பயிற்சித் துறை இதிலிருந்து தனி. அதற்குப் படிப்பும் சான்றிதழும் வேறு.

எஃப்.பி.எஸ். அணிகளில் களத்தில் நின்று கற்றுத்தரும் உதவிப் பயிற்சியாளர்கள் 2018 முதல் 10 பேர் என்று வரம்பு இருந்தது. அனலிஸ்ட்கள் ஃபிலிம் (ஆட்டங்களின் காணொளிப் பதிவு) பார்க்கலாம், திட்டம் தீட்டலாம், ஆனால் வீரனிடம் நேரடியாக "காலை இப்படி வை" என்று சொல்லக் கூடாது. 2024 கோடையில் அந்தத் தடை நீங்கியது. இப்போது குழுவில் உள்ள யாரும் கற்றுத்தரலாம். வெளியூர் போய் ஆள் சேர்க்கும் உரிமை மட்டும் தலைமைப் பயிற்சியாளருக்கும் 10 உதவிப் பயிற்சியாளர்களுக்கும் உரியதாக நிற்கிறது. புதிதாக வருபவர்களுக்கு இது பெரிய வரம். முன்பு ஆண்டுக்கணக்கில் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இன்று முதல் சீசனிலேயே களத்தில் வாய் திறக்க முடிகிறது.

படி 1: ஆடியிருக்க வேண்டுமா?

ஆடியிருந்தால் நல்லது. கட்டாயம் இல்லை. புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளரான மைக் லீச் கல்லூரிக் கால்பந்து ஆடியதே இல்லை. பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். வழக்கறிஞர் தொழிலுக்குப் போகாமல் 1987-இல் கலிபோர்னியாவின் 'கால் பாலி' கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தார். நடுவே பின்லாந்தில்கூடப் பயிற்சியளித்தார். 1989-இல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் ஹால் மம்மியுடன் சேர்ந்தார். அங்கிருந்து இருவரும் வளர்த்தெடுத்ததுதான் பந்தை ஓயாமல் எறியும் 'ஏர் ரெய்டு' பாணி. இன்று அமெரிக்காவில் பள்ளி அணி முதல் தொழில்முறை அணி வரை அதன் சாயல் இல்லாத இடத்தைக் காண்பது அரிது.

எந்தப் பட்டமும் போதும். ஆனால் பட்டம் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் கிராஜுவேட் அசிஸ்டென்ட் வாசல் திறக்காது. கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டே அணி அலுவலகத்துக்குப் போய் மாணவ உதவியாளர் வேலை கேளுங்கள். பந்து பொறுக்குவது, துண்டு எடுத்துக் கொடுப்பது, பயிற்சியைப் படம்பிடிப்பது என்று எதுவானாலும் சரி. படம்பிடிக்கும் கோபுரத்தின் உச்சியில் நிற்பவனுக்கு 22 பேரும் ஒருசேரத் தெரிகிறார்கள்; ஆட்டத்தைக் கற்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கல்லூரியில் வழி கிடைக்காவிட்டால் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் உதவியாளராகச் சேருங்கள். அங்கே ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு. 15 வயதுப் பையனுக்குப் புரிய வைக்கத் தெரிந்தவனால் யாருக்கும் புரிய வைக்க முடியும்.

படி 2: ஃபிலிம் வெட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் முதல் ஐந்தாண்டுகள் உங்களுக்குச் சோறு போடப்போவது இந்தத் திறன்தான்.

ஆட்டத்தில் ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 65 முதல் 75 பிளே ஆடும். அடுத்த வார எதிரணியின் கடைசி நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 280 பிளே. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, அதன் பக்கத்தில் விவரங்களை நிரப்ப வேண்டும். எத்தனையாவது டவுன் (நான்கு முயற்சிகளில் எத்தனையாவது), இன்னும் எத்தனை யார்டு தேவை, பந்து இடது கோட்டருகே இருந்ததா வலது கோட்டருகே இருந்ததா, களத்தில் எத்தனை ரன்னிங் பேக், எத்தனை டைட் எண்ட் (வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), எந்த அணிவகுப்பு, பந்து நகரும் முன் யார் இடம் மாறினார், ஓட்டமா எறிதலா, தற்காப்பின் முன்வரிசை எப்படி நின்றது, பின்னால் என்ன கவரேஜ் (ரிசீவர்களை மறிக்கும் முறை), யாராவது எறிபவரை நோக்கிப் பாய்ந்தார்களா, முடிவு என்ன. ஹட்ல் போன்ற மென்பொருள்களில் இதையெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள்.

'11 பெர்சனெல்' என்று கேள்விப்படுவீர்கள். களத்தில் யார் யார் என்பதைச் சுருக்கிச் சொல்லும் எண் அது. முதல் எண் ரன்னிங் பேக், இரண்டாம் எண் டைட் எண்ட். மிச்சம் மூவர் ரிசீவர்கள். '12' என்றால் ஒரு பேக், இரண்டு டைட் எண்ட், இரண்டு ரிசீவர்கள். இந்தக் கணக்கு மூச்சுவிடுவதுபோல் வர வேண்டும்.

நிரப்பி முடித்தபின்தான் பயன் தெரியும். "மூன்றாவது டவுன், 7 யார்டுக்கு மேல், 11 பெர்சனெல்" என்று வடிகட்டினால் எதிரணி அந்த நிலைமையில் என்னென்ன செய்தது என்று வரிசையாக வந்து நிற்கும். 20 முறையில் 14 முறை ஒரே பக்கம் எறிந்திருந்தால், அது சனிக்கிழமை ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடிய செய்தி. அந்தச் செய்தியைக் கண்டுபிடிப்பது மாதத்துக்குச் சொற்பப் பணம் வாங்கும் ஓர் 23 வயது இளைஞன். அவன் ஒரு கட்டத்தில் பிழையாக நிரப்பியிருந்தால், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் கோஆர்டினேட்டர் பிழையான முடிவை எடுப்பார். நம்பிக்கை சம்பாதிப்பதும் இழப்பதும் இந்த அறையில்தான் நடக்கிறது.

அடுத்தது ஸ்கவுட் கார்டு. எதிரணியின் பிளேக்களைத் தடித்த மார்க்கரால் அட்டையில் வரைந்து, பயிற்சியின்போது நம் அணியின் மாற்று வீரர்களுக்கு உயர்த்திக் காட்ட வேண்டும். அவர்கள் அதைப் பார்த்து எதிரணியைப்போல் ஆடிக்காட்டுவார்கள். நம் முதன்மைத் தற்காப்பு அதை எதிர்த்துப் பழகும். என் நண்பரின் மகன் டெக்சாஸில் ஒரு கல்லூரியில் இந்த வேலை பார்த்தான். ஒருமுறை அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகள். வட்டங்கள் தாக்குதல் வீரர்கள், பந்து யாரிடம் போகிறதோ அந்த வட்டத்துக்கு மட்டும் வண்ணம், தடுக்கும் கோடுகளின் முனையில் குறுக்குக் கோடு. விரல் நுனிகளெல்லாம் மை. "மாமா, போன வாரம் ஒரு டைட் எண்டை வலப்பக்கம் வரைவதற்குப் பதிலாக இடப்பக்கம் வரைந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை முழுத் தற்காப்பும் தவறான பக்கம் ஓடியது. கோஆர்டினேட்டர் திட்டவில்லை. பயிற்சியை நிறுத்தி, அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அன்று முதல் ஒவ்வோர் அட்டையையும் மூன்று முறை சரிபார்க்கிறேன்" என்றான்.

வீட்டிலிருந்தே இதைப் பழகலாம். தொலைக்காட்சியில் வரும் ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்து, விரிதாளில் மேலே சொன்ன கட்டங்களை அமைத்து, முழு ஆட்டத்தையும் நிரப்புங்கள். முதல் தடவை எட்டு மணி நேரம் பிடித்தாலும் பரவாயில்லை. பத்தாவது ஆட்டத்தில் கை தானே போகும். வேலை கேட்டு எழுதும்போது இந்தக் கோப்பை இணைத்து அனுப்புங்கள். "எனக்குக் கால்பந்தில் ஆர்வம் அதிகம்" என்ற வரி எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. நிரப்பிய கோப்பு யாரிடமும் இல்லை.

படி 3: கிராஜுவேட் அசிஸ்டென்ட் ஆவது

இதுதான் பிரதான வாசல். முதுகலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கும். செலவுக்குச் சிறு தொகை தரும். காலம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். பகலில் வகுப்பு, மாலையில் பயிற்சி, இரவில் ஃபிலிம். விமான நிலையத்துக்குப் போய் வீரர்களின் பெற்றோரை அழைத்துவருவதும் காப்பி வாங்கி வருவதும்கூட இதில் அடக்கம்.

நிக் சேபன் தொடங்கியதும் இங்கேதான். 1973-இல் கென்ட் ஸ்டேட்டில் டான் ஜேம்ஸ் அவரைக் கிராஜுவேட் அசிஸ்டென்டாக வைத்துக்கொண்டார். பயிற்சியாளராகும் எண்ணம் அப்போது சேபனுக்கு இல்லை. மனைவி டெரிக்குப் படிப்பு முடிய ஓராண்டு பாக்கி இருந்ததால் ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் எல்.எஸ்.யூ.வில் (லூசியானா ஸ்டேட்) ஒன்று, அலபாமாவில் ஆறு என்று ஏழு தேசியப் பட்டங்கள் வென்றார்.

எப்படித் தேடுவது? அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கம் ஒவ்வொரு ஜனவரியிலும் மாநாடு நடத்துகிறது. ஆயிரக்கணக்கான பயிற்சியாளர்கள் கூடும் அந்த மாநாட்டில் வேலைவாய்ப்பு பேசப்படுவது மேடையில் அல்ல, ஹோட்டல் முற்றத்தில். தலைமைப் பயிற்சியாளரைப் பிடிக்க வரிசையில் நிற்காதீர்கள். அவரைச் சுற்றி எப்போதும் கூட்டம். சிறிய கல்லூரியின் லைன்பேக்கர் பயிற்சியாளர் தனியாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். அவரிடம் அவருடைய அணியின் ஒரு குறிப்பிட்ட பிளேயைப் பற்றிக் கேளுங்கள். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காகிதக் கைக்குட்டையில் வரையத் தொடங்கிவிட்டால், உங்களை மறக்க மாட்டார். கோடைகாலத்தில் கல்லூரிகள் நடத்தும் பள்ளி மாணவர் முகாம்களில் வேலை செய்வதும் நல்ல வழி. உங்கள் உழைப்பை மூன்று நாட்கள் நேரில் பார்த்தவர் தரும் பரிந்துரைக்கு ஈடு எந்தக் கடிதமும் இல்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பாடங்கள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கிராஜுவேட் அசிஸ்டென்டின் உண்மையான உழைப்பு அதைவிட மிக அதிகம். சேருவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசி, எது வேலை எது படிப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் விசாவைப் பணயம் வைக்காதீர்கள்.

படி 4: யாரிடம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்

1983-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை வைத்திருந்த குழுவைப் பாருங்கள். பில் ஸ்னைடர், பேரி ஆல்வரெஸ், கிர்க் ஃபெரன்ட்ஸ், டான் மெக்கார்னி ஆகியோர் உதவிப் பயிற்சியாளர்கள். பாப் ஸ்டூப்ஸ் அப்போதுதான் அடிமட்டத்தில் தொடங்கியிருந்தார். பின்னாளில் கேன்சஸ் ஸ்டேட், விஸ்கான்சின், அயோவா, அயோவா ஸ்டேட், ஓக்லஹோமா ஆகிய அணிகளை நடத்தியவர்கள் இவர்கள். ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ஃபிலிமைப் பார்த்தவர்கள்! அந்த அறையில் ஆறாவது நாற்காலி கிடைத்தால்கூட வேறிடத்து முதல் நாற்காலியைவிட அது மேல் என்பேன்.

ஒரு தலைமைப் பயிற்சியாளரை எப்படி எடைபோடுவது? அவரிடம் வேலை பார்த்த உதவியாளர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். பதவி உயர்ந்து போயிருக்கிறார்களா, ஓராண்டில் ஓடியிருக்கிறார்களா? கூட்டத்தில் இளையவர்களைப் பேசவிடுகிறாரா? தோல்விக்குப் பின் செய்தியாளர்களிடம் உதவியாளர் மேல் பழிபோடுகிறாரா? இந்த மூன்றும் போதும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய அணியின் அடிமட்டத்தில் மட்டும் இருந்தால் முடிவெடுக்கும் பழக்கம் வராது. சிறிய கல்லூரியில் ஒரே ஆள் லைன்பேக்கர்களையும் பார்ப்பார், கிக் அணியையும் பார்ப்பார், சட்டை துவைக்கவும் போவார். கிர்பி ஸ்மார்ட் 2001-இல், 25 வயதில், ஜார்ஜியாவின் வால்டோஸ்டா ஸ்டேட் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் தற்காப்புக் கோஆர்டினேட்டராக இருந்தார். அந்த வயதில் ஓர் ஆட்டத்தின் தற்காப்பு முழுவதையும் கையில் கொடுக்கச் சிறிய இடங்களால்தான் முடியும். அதற்கடுத்த ஆண்டே அவர் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் கிராஜுவேட் அசிஸ்டென்டாகப் போய்ச் சேர்ந்தார். லானிங்கின் கதைதான் இங்கேயும்: கோஆர்டினேட்டர் பட்டத்தை மடித்து வைத்துவிட்டு மாணவனாக உட்கார்ந்தார். 2021, 2022 சீசன்களில் ஜார்ஜியாவுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர் அவர்.

படி 5: ஆள் சேர்க்கத் தெரியாதவருக்கு இங்கே இடமில்லை

ஆட்டத்தின் நுணுக்கம் அத்தனையும் தெரிந்த ஒருவர் வேலை இழப்பதும், சுமாராகத் தெரிந்த ஒருவர் நிலைப்பதும் இந்த ஒரு காரணத்தால்தான். ஒவ்வோர் உதவிப் பயிற்சியாளருக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படும்: ஹூஸ்டனின் வடபகுதி, தென் ஃப்ளோரிடாவில் இரண்டு மாவட்டங்கள் என்பதுபோல. அந்தப் பகுதியின் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளரும் உங்கள் தொலைபேசியில் இருக்க வேண்டும். நல்ல வீரன் இல்லாத ஆண்டிலும் அந்தப் பள்ளிக்குப் போக வேண்டும். வேண்டும்போது மட்டும் வருபவனை யாருக்கும் பிடிக்காது.

எப்போது நேரில் பேசலாம், எப்போது பார்க்க மட்டும் செய்யலாம், எப்போது தொடர்பே கூடாது என்று ஆண்டு முழுவதற்கும் விதிகள் உள்ளன. அவற்றைக் கரைத்துக் குடியுங்கள். வீட்டுக்குப் போகும்போது பையனைவிட அம்மாவிடமும் பாட்டியிடமும் அதிகம் பேச வேண்டியிருக்கும். அவர்கள் கேட்பது ஆட்டத்தைப் பற்றி அல்ல. "உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பட்டம் வாங்குவானா?" என்றுதான் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். பொய் சொல்லி ஒரு பையனைச் சேர்க்கலாம். அதே பள்ளியிலிருந்து இரண்டாவது பையன் வர மாட்டான்.

காலம் மாறிவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியல்) வந்தபின் வீரர்கள் கல்லூரி மாறுவது எளிதானது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் பயன்படுத்தி வீரர்கள் பணம் ஈட்டலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிர்ந்தளிக்கின்றன. முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. இந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளின் கால்பந்து அணியில் இருக்கக்கூடிய வீரர்கள் 105 பேர். ஆகவே இன்று பயிற்சியாளர் புதிய பையனை மட்டுமல்ல, ஏற்கெனவே தம்மிடம் இருப்பவனையும் ஆண்டுதோறும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறது. உட்கார வைக்கப்பட்டிருக்கும் இரண்டாம் நிலை லைன்பேக்கரிடம் வாரம் ஒருமுறையாவது தனியாகப் பேசுவது இப்போது கருணையோடு நின்றுவிடாமல் தொழிலின் பகுதியாகவே ஆகிவிட்டது. எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது.

சீசனில் ஒரு வாரம்

அணிக்கு அணி மாறும். பெரும்பாலும் இப்படித்தான்: ஞாயிறு நேற்றைய ஆட்டத்தின் ஃபிலிம், மாலையில் அடுத்த எதிரணி. திங்கள் திட்டம் தீட்டல், இரவு வெகுநேரம். செவ்வாய் முதல், இரண்டாம் டவுன்களுக்கான கடும் பயிற்சி. புதன் மூன்றாம் டவுன். வியாழன் எல்லைக்கோட்டருகே 20 யார்டுக்குள் ஆடுவது. வெள்ளி நடைப்பயிற்சி போன்ற மெல்லிய ஒத்திகை, பயணம். சிலர் வெள்ளி இரவில் பள்ளி ஆட்டம் பார்க்கவும் ஓடுவார்கள். சனி ஆட்டம்.

வீரர்களுக்குச் சீசனில் வாரம் 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று என்.சி.ஏ.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. பயிற்சியாளர்களுக்கு வரம்பே கிடையாது. திருமணமானவர்கள் இதை முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தீபாவளிக்கு வீட்டில் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

படி 6: நீக்கப்படுவதற்குத் தயாராகுங்கள்

இதை மறைத்து எழுதினால் நான் உங்களுக்கு நல்லது செய்தவன் ஆக மாட்டேன். தலைமைப் பயிற்சியாளர் போனால் குழு முழுதும் போகும். உங்கள் வீரர்கள் நன்றாக ஆடியிருந்தாலும் போகும். 1981 சீசனுக்குப் பின் ஓஹியோ ஸ்டேட் தற்காப்புப் பயிற்சியாளர்கள் சிலரை நீக்கியது. அவர்களில் ஒருவர் நிக் சேபன்.

டாபோ ஸ்வினியின் கதை இன்னும் கூர்மையானது. அலபாமாவில் உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து, 1992 சீசனின் தேசியப் பட்ட அணியில் ஆடி, அங்கேயே உதவிப் பயிற்சியாளராக உயர்ந்தவர். 2000 சீசன் முடிந்ததும் குழுவோடு சேர்த்து அவரும் வெளியே. இரண்டு ஆண்டுகள் பர்மிங்ஹாமில் ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் வேலை. 2003-இல், ஒரு காலத்தில் தமக்கு ரிசீவர் பயிற்சி கொடுத்த டாமி பௌடன் கிளெம்சனுக்கு அழைத்தார். 2008 அக்டோபரில், சீசன் நடுவே பௌடன் விலகியபோது, கோஆர்டினேட்டராகவே இருந்திராத ஸ்வினி இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளரானார். 2016, 2018 சீசன்களில் தேசியப் பட்டம். அவரைத் திரும்ப அழைத்து வந்தது பழைய ஆசிரியருக்கு அவர்மேல் இருந்த மதிப்பு.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை ஆண்டு? காரணமின்றி நீக்கினால் மிச்சச் சம்பளம் முழுதும் வருமா? வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தை இதிலிருந்து கழிப்பார்களா? நீங்களாக விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை? வீடு மாற்றும் செலவு யாருடையது? இளம் பயிற்சியாளர்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான். ஆகவே ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைக்காமல் வீடு வாங்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களின் சம்பள விவரங்கள் பல மாநிலங்களில் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. பேசப் போகும் முன் அதே இடத்தில் முன்பு இருந்தவர் என்ன வாங்கினார் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கீழே இறங்கித் தொடங்குவதில் வெட்கம் வேண்டாம். நியூ மெக்சிகோவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மைக் லாக்ஸ்லி 2016-இல் அலபாமாவில் அனலிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தார். தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் பதவியிழந்த ஸ்டீவ் சார்கீசியனும் அதே ஆண்டு அங்கே அனலிஸ்ட். நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு 1996 முதல் தரப்படும் ஃப்ராங்க் பிராய்ல்ஸ் விருதை லாக்ஸ்லி 2018-இலும் சார்கீசியன் 2020-இலும் வென்றார்கள். இருவரும் அங்கிருந்தே மறுபடி தலைமைப் பதவிக்குப் போனார்கள்.

நேர்காணலில் நடப்பது

வெள்ளைப் பலகையும் மார்க்கரும் கொடுத்து, "மூன்றாவது டவுனுக்கு உங்கள் அடிப்படைத் தற்காப்பை வரையுங்கள்" என்பார்கள். வரைந்ததும் எதிர் அணிவகுப்பை மாற்றுவார்கள். நீங்கள் சரிசெய்ய வேண்டும். அதன்பின் பலர் எதிர்பார்க்காத கேள்வி வரும்: "எங்களை 18 வயதுப் பையன்களாக நினைத்துக்கொண்டு நிற்கும் முறையைக் கற்றுத் தாருங்கள்." கோட்டுப் போட்டுக்கொண்டு போனவர் அந்தக் கணமே மேசையை நகர்த்திவிட்டு, குனிந்து, கால்விரல் எங்கே, எடை எங்கே, கண் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்ட வேண்டும். பேசத் தெரிந்தவர்கள் பலர் இந்த இடத்தில் திணறுகிறார்கள். வீட்டில் கண்ணாடி முன் பத்து முறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

கோஆர்டினேட்டர் நாற்காலி

இடப் பயிற்சியாளராக ஐந்து, எட்டு, சில சமயம் 15 ஆண்டுகள் கழித்து அந்த அழைப்பு வரலாம். அன்றிலிருந்து அழைப்புத்தாள் (ஆட்டத்தில் எந்த நிலைமைக்கு எந்த பிளே என்ற பட்டியல்) உங்கள் கையில். 25 நொடிகளுக்குள் அடுத்த பிளேயைச் சொல்ல வேண்டும். பணமும் இந்த இடத்தில்தான் மாறுகிறது. பிரென்ட் வெனபிள்ஸ் கிளெம்சனில் தற்காப்புக் கோஆர்டினேட்டராக இருந்த கடைசிக் காலத்தில் ஆண்டுக்கு சுமார் 25 லட்சம் டாலர் வாங்கினார். ஆனால் அது மலையுச்சி; மூன்றாம் பிரிவில் பள்ளி ஆசிரியருக்கு நிகரான சம்பளத்தில் வாழ்நாள் முழுக்க மகிழ்ச்சியாகக் கற்றுத்தருபவர்களும் உண்டு.

எல்லோரும் தலைமைப் பதவியை நோக்கியே ஓட வேண்டும் என்றும் இல்லை. பட் ஃபாஸ்டர் 1987-இல் தலைமைப் பயிற்சியாளர் ஃப்ராங்க் பீமருடன் வெர்ஜீனியா டெக்குக்கு வந்தார். 1995 முதல் தற்காப்புக் கோஆர்டினேட்டர். 2006-இல் பிராய்ல்ஸ் விருது. 2019 சீசனோடு ஓய்வு பெறும்வரை அந்த ஊரை விட்டு அவர் போகவில்லை. அவருடைய தற்காப்பு அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது: நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் பழைய தகரச் சோற்றுப்பெட்டி ஒன்றை ஆட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெட்டியை ஏந்தும் பெருமை உழைப்பில் முந்திய வீரனுக்கு. 33 சீசன்கள் ஒரே கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகவே இருந்தார் ஃபாஸ்டர்.